பேனல் மீட்டருக்கு எண் சொல்லிக்கொடுத்தல்

பால் பண்ணையின் கொதிகலன் கூடம், சாயப்பட்டறை, அடுக்குமாடிக் குடியிருப்பின் பம்பு அறை என்று எங்கேயாவது எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெட்டி பரிச்சயமாக இருக்கும். சாம்பல் நிற இரும்பு அலமாரியின் கதவில் செவ்வகமாக ஓட்டை போட்டுப் பொருத்தியிருப்பார்கள். முகப்பு 96 மில்லிமீட்டர் அகலம், 48 மில்லிமீட்டர் உயரம். ஓட்டை 92க்கு 45. ஜெர்மானியத் தர அளவு இது. உலகம் முழுக்க ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆகவே ஒரு நிறுவனத்தின் மீட்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு நிறுவனத்தின் மீட்டரை அதே ஓட்டையில் செருகிவிடலாம். சிவப்பு வெளிச்சத்தில் நான்கோ ஐந்தோ இலக்கங்கள், அவற்றுக்குக் கீழே நான்கைந்து பொத்தான்கள். டிஜிட்டல் பேனல் மீட்டர் என்று பெயர்.

அது 3.00 என்று காட்டினால் தொட்டியில் மூன்று மீட்டர் தண்ணீர் இருக்கிறது என்று நாம் படித்துக்கொள்கிறோம். மீட்டருக்குத் தொட்டியும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. தன் முதுகில் உள்ள இரண்டு திருகுகளின் வழியே 12 மில்லிஆம்பியர் மின்னோட்டம் ஓடுகிறது என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே சேதி. பன்னிரண்டு வந்தால் மூன்று என்று காட்டு என அதற்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மனிதர். அலமாரியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பொத்தான்களை அமுக்கி அமுக்கிச் சொல்லிக்கொடுத்திருப்பார். அவர் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தாலும் மீட்டர் அதே துல்லியத்தோடு, அதே சிவப்பு வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருக்கும். அவர் என்னென்ன சொல்லிக்கொடுக்கிறார், எந்த இடத்தில் எப்படித் தப்பலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முள் மீட்டர் காலத்தில் இந்தச் சங்கடம் குறைவு. முள்ளுக்குப் பின்னால் இருக்கும் தட்டில் 0, 1, 2, 3 என்று அளவுகோலைத் தொழிற்சாலையிலேயே அச்சடித்து அனுப்பினார்கள். அளவுகோலை மாற்ற வேண்டுமானால் தட்டையே மாற்ற வேண்டும். 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஆண்ட்ரூ கே என்ற பொறியாளர், நான்-லீனியர் சிஸ்டம்ஸ் என்ற தன் நிறுவனத்தில் மின்னழுத்தத்தை நேரடியாக இலக்கங்களில் காட்டும் வோல்ட் மீட்டரைச் செய்தார். முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்க்கும் வேலை அதோடு ஒழிந்தது. இலக்கிய வாசகர்களுக்கு ஓர் இடைச்செருகல்: உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1962 கோடையைக் கழித்து, நாட்குறிப்பு எழுதி, 1965ல் புத்தகமாகவும் போட்டது இதே நிறுவனத்தைப் பற்றித்தான். 1980களில் கேய்ப்ரோ என்ற பெயரில் தூக்கிச் செல்லும் கணினிகளைச் செய்ததும் இவர்கள்தான். கொழும்பில் இருந்த ஆர்தர் சி. கிளார்க், 1984ல் வெளிவந்த 2010 திரைப்படத்துக்காக இயக்குநர் பீட்டர் ஹையம்ஸுடன் தொலைபேசிக் கம்பி வழியே கடிதம் பரிமாறிக்கொண்டது கேய்ப்ரோவில்.

மீட்டருக்குத் திரும்புவோம். 1970களின் பிற்பகுதியில் இன்டர்சில் நிறுவனத்தின் 7106, 7107 என்ற சில்லுகள் வந்தபோது மொத்த வோல்ட் மீட்டரும் ஒரே சில்லுக்குள் அடங்கிவிட்டது. பிறகு நுண்செயலியும், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமும் உள்ளே வந்து உட்கார்ந்தன. தட்டில் அச்சடித்திருந்த அளவுகோல் நினைவகத்துக்குள் போயிற்று. அளவுகோல் எழுதும் வேலை தொழிற்சாலையை விட்டு, பேனலின் முன்னால் நிற்பவர் கைக்கு வந்துவிட்டது. வசதிதான். ஆனால் அச்சடித்த தட்டை யாரும் படிக்கலாம். நினைவகத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று மெனுவைத் திறந்தால் ஒழியத் தெரியாது.

மெனுவைத் திறப்பதே ஒரு கலை. உதாரணத்துக்கு அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பரவலாகக் காணப்படும் ரெட் லயன் நிறுவனத்தின் பேக்ஸ் வரிசை மீட்டரை எடுத்துக்கொள்கிறேன். மற்ற நிறுவனங்களுடையவையும் ஏறக்குறைய இப்படித்தான். பொத்தானின் பெயர்கள்தான் மாறும். முகப்பில் ஐந்து பொத்தான்கள்: டிஎஸ்பி, பிஏஆர், எஃப்1, எஃப்2, ஆர்எஸ்டி. பிஏஆர் அமுக்கினால் மெனு திறக்கும். எஃப்1 மேலே, எஃப்2 கீழே. பிஏஆரை மறுபடி அமுக்கினால் தேர்ந்தெடுத்ததைச் சேமித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகும். டிஎஸ்பி அமுக்கினால் வெளியே வந்துவிடும். எண்ணை மாற்றிவிட்டு பிஏஆர் அமுக்காமல் நேராக டிஎஸ்பியை அமுக்கினால் கடைசியாக மாற்றியது சேமிக்கப்படாது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது கொஞ்சம் திகிலான இடம். "சேமிக்கவா?" என்று கேட்காது. முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதி கிடையாது. பழைய எண் என்னவாக இருந்தது என்று எந்தக் கோப்பிலும் பதிவாகாது.

பிறகு அந்த எழுத்துகள். ஏழு கோடுகளைக் கொண்டு எட்டைப் போல வரையப்பட்ட கட்டத்தில் எண்கள் எல்லாம் வரும். ஆங்கில எழுத்துகளில் பாதிதான் ஒழுங்காக வரும். எம், டபிள்யூ, எக்ஸ் போன்றவற்றுக்கு வழியே இல்லை. ரேஞ்ச் என்ற சொல்லில் ஜிக்குப் பதில் 6 நிற்கும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வரும். ஐந்து கட்டங்களுக்குள் அடக்க வேண்டும் என்பதால் உயிரெழுத்துகளை முழுங்கியிருப்பார்கள். கல்வெட்டுப் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. மெய்க்குப் புள்ளி வைக்காத எழுத்தை எப்படி இடம் பார்த்துப் படிப்பார்களோ அப்படித்தான் இதையும் படிக்க வேண்டும். கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஊகித்துப் படிப்பவர்கள் அநேகமாக இரண்டாவது மெனுவிலேயே தொலைந்துபோவார்கள்.

முதல் கேள்வி, என்ன வருகிறது என்பது. மின்னோட்டமா, மின்னழுத்தமா, வெப்ப உணரியா? தொழிற்சாலைகளில் பெரும்பான்மை 4 முதல் 20 மில்லிஆம்பியர். தொட்டியின் அடியில் இருக்கும் அழுத்த டிரான்ஸ்மிட்டர் தொட்டி காலியாக இருந்தால் 4 அனுப்பும், தன் முழு அளவு வந்தால் 20 அனுப்பும். ஏன் பூஜ்ஜியத்தில் தொடங்கவில்லை என்று கேட்கலாம். மின்சாரத்துக்கு முன்னால் காற்றழுத்தக் குழாய்களில் சேதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே சதுர அங்குலத்துக்கு 3 முதல் 15 பவுண்டு என்பது வழக்கம். அதே ஒன்றுக்கு ஐந்து விகிதம்தான் 4க்கும் 20க்கும். காலித் தொட்டிக்கும் அறுந்த வயருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதே காரணம். 4 வந்தால் தொட்டி காலி. எதுவுமே வராவிட்டால் வயர் அறுந்திருக்கிறது. இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளும்படி மீட்டரை அமைத்திருக்கிறோமா என்பது வேறு கேள்வி, பின்னால் வருகிறேன்.

வெப்ப உணரியாக இருந்தால் அது எந்த வகை என்று சொல்ல வேண்டும். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் ஒட்டவைத்துச் செய்யும் தெர்மோகப்பிளில் ஜே, கே, டி என்று பல வகைகள். எல்லாமே சில மில்லிவோல்ட்தான் தரும். எத்தனை மில்லிவோல்ட்டுக்கு எத்தனை டிகிரி என்ற அட்டவணை வகைக்கு வகை மாறும். கே வகைக் கம்பியை மாட்டிவிட்டு மெனுவில் ஜே என்று வைத்தால் மீட்டர் எந்தப் புகாரும் சொல்லாது. பேனல் இருக்கும் அறை 25 டிகிரி, உலை உண்மையில் 200 டிகிரி என்றால், அது ஏறத்தாழ 157 என்று காட்டும். ஹீட்டரும் இன்னும் சூடாக்க வேண்டும் போலிருக்கிறது என்று எரிந்துகொண்டே இருக்கும். எதிர்ப்பக்கத் தப்பாக, ஜே கம்பிக்கு கே என்று வைத்தால் 259 வாக்கில் காட்டும். கம்பியின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்றால் அங்கேயும் நாட்டுக்கு நாடு வழக்கம். அமெரிக்காவில் கே வகைக்கு மஞ்சள், ஐரோப்பியத் தரத்தில் பச்சை. அமெரிக்கத் தெர்மோகப்பிளில் சிவப்புக் கம்பி எதிர்மின் முனை. சிவப்பு என்றால் நேர்மின் என்று கை பழகியவர்கள் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டிய இடம். ஊர் மாறி வந்து வேலை பார்க்கிற நம்மவர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் அதிகம்.

தசமப்புள்ளியை அடுத்துக் கேட்கும். இதை முதலிலேயே முடித்துவிடுவது நல்லது. பல மீட்டர்களுக்கு உள்ளே முழு எண்கள்தான். தசமப்புள்ளி என்பது இலக்கங்களுக்கு நடுவே எரியும் ஒரு விளக்கு, அவ்வளவே. 80.0 என்று அலாரம் வைத்துவிட்டுப் பிறகு புள்ளியை ஓரிடம் நகர்த்தினால் அலாரம் 8.00 ஆகிவிடும். எத்தனை இலக்கம் காட்டலாம் என்பதிலும் ஒரு சபலம் உண்டு. ஐந்து இலக்கம் இருக்கிறதே என்று 3.0047 மீட்டர் என்று காட்ட வைப்பார்கள். கடைசி இரண்டு இலக்கமும் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் அதைத் துல்லியம் என்று நினைத்துக்கொள்வார்கள். இதற்காகவே ரவுண்ட் என்று ஒரு மெனு இருக்கிறது. ஐந்து ஐந்தாகவோ பத்துப் பத்தாகவோ காட்டு என்று சொல்லிவிடலாம்.

இனி ஸ்கேலிங். மொத்த வேலையின் உயிர் இங்கேதான். மீட்டர் நான்கு எண்களைக் கேட்கும்: உள்ளே வருவது எவ்வளவு, அப்போது காட்ட வேண்டியது எவ்வளவு, மறுபடி, உள்ளே வருவது எவ்வளவு, காட்ட வேண்டியது எவ்வளவு. இரண்டு புள்ளிகள் கொடுத்தால் நடுவே ஒரு நேர்கோட்டை அதுவே போட்டுக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே நேர்கோடு.

ஐந்து மீட்டர் உயரத் தொட்டி, ஆறு மீட்டர் தண்ணீர் வரை அளக்கும் டிரான்ஸ்மிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4.000 வந்தால் 0.00, 20.000 வந்தால் 6.00 என்று கொடுக்கிறோம். ஐந்து மீட்டர் தொட்டிக்கு 20 என்றால் 5.00 தானே என்று அங்கே பலர் தடுக்கி விழுவார்கள். டிரான்ஸ்மிட்டருக்கும் தொட்டியைத் தெரியாது. அதன் முழு அளவு ஆறு என்பதால் ஆறுதான் கொடுக்க வேண்டும். இந்த எண்களைப் பொத்தானால் தட்டிக் கொடுக்கலாம். அல்லது உண்மையான சிக்னலையே அனுப்பி, இப்போது வருவதை இந்தப் புள்ளியாக வைத்துக்கொள் என்றும் சொல்லலாம். பின்னது கேட்க அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சமயத்தில் தொட்டியில் உண்மையாக எவ்வளவு இருக்கிறது என்று நாடா பிடித்து அளந்தவர் யார் என்ற கேள்வி இருக்கிறது.

இப்போது அதே தொட்டியில் தண்ணீருக்குப் பதிலாக டீசலை ஊற்றுகிறார்கள். டீசலின் அடர்த்தி தண்ணீரைப் போலச் சுமார் 0.83 மடங்கு. டிரான்ஸ்மிட்டர் அளப்பது உயரத்தை இல்லை, அடியில் விழும் அழுத்தத்தை. மூன்று மீட்டர் டீசல் இருக்கும்போது மீட்டர் 2.49 காட்டும். ஐந்து மீட்டர் விளிம்பில் தளும்பும்போது 4.15 காட்டும். நிரம்பி வழியாமலிருக்க 4.50ல் அலாரம் வைத்திருந்தார்கள் என்றால், அந்த அலாரம் ஒருநாளும் அடிக்காது. டீசல் தரையில் ஓடும்போதும் அடிக்காது. மீட்டரில் எதுவும் பழுதில்லை. டிரான்ஸ்மிட்டரிலும் பழுதில்லை. 20.000க்கு 6.00 என்று இருப்பதை 7.23 என்று மாற்றியிருக்க வேண்டும். பொத்தானைப் பத்து முறை அமுக்கும் வேலை. யாரும் சொல்லவில்லை, மாற்றவில்லை.

இது கற்பனைக் கணக்கு. கற்பனையாக இல்லாத ஒன்று 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டெக்சஸ் சிட்டி என்ற ஊரில், பிபி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது. 170 அடி உயரக் கோபுரம் ஒன்றை நீண்ட பராமரிப்புக்குப் பின் மறுபடி இயக்கத் தொடங்கியிருந்தார்கள். கோபுரத்தின் அடிப்பாகத்தில் சில அடி உயரத்தை மட்டும் அளக்கும் ஒரு மட்ட டிரான்ஸ்மிட்டர். திரவம் அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. கட்டுப்பாட்டு அறைத் திரையோ மட்டம் பத்து அடிக்கும் குறைவு என்றும், அது மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது என்றும் காட்டியது. உண்மையில் திரவம் 158 அடியில் நின்றது. மேலே வழிந்து, பழைய வெளியேற்றக் குழாய் வழியாகப் பீறிட்டு, ஆவியாகிப் பரவித் தீப்பிடித்தது. 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயப்பட்டார்கள்.

விசாரித்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் பல காரணங்களைச் சொல்லியது: ஆட்குறைப்பு, களைப்பு, பழுதான கருவிகள், பராமரிப்பில் கஞ்சத்தனம். பேனல் மீட்டர் அங்கே குற்றவாளி இல்லை; அது டிரான்ஸ்மிட்டரும் கணினித் திரையும் சேர்ந்த அமைப்பு. ஆனாலும் காரணங்களில் ஒன்று நம் விஷயம். அந்த டிரான்ஸ்மிட்டர் திரவத்தில் மூழ்கும் உருளையின் எடைக்குறைவைக் கொண்டு மட்டத்தைச் சொல்வது. அதற்குத் திரவத்தின் அடர்த்தியைச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். சொல்லிக்கொடுத்திருந்த அடர்த்தி, அந்தக் கோபுரம் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்த காலத்துப் பழைய தாளில் இருந்தது. உருளை முழுக்க மூழ்கியபின் திரவம் சூடாகச் சூடாக அடர்த்தி குறைந்தது. தாங்கும் விசை குறைந்தது. கருவியும் மட்டம் இறங்குகிறது என்று சொல்லியது. தனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கை அது பிசகாமல் போட்டது.

நேர்கோடு போதாத தொட்டிகளும் உண்டு. பெட்ரோல் நிலையங்களில் மண்ணுக்கடியில் படுத்திருக்கும் உருளைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் லிட்டர் கொள்ளளவு. உயரத்தை அளந்து லிட்டராகக் காட்ட வேண்டும். விட்டத்தில் கால்வாசி உயரத்துக்குத் திரவம் இருந்தால் நேர்கோடு 2500 என்று சொல்லும். உள்ளே இருப்பது 1955 லிட்டர். பத்தில் ஒரு பங்கு உயரத்தில் நேர்கோடு 1000 என்னும், உள்ளே 520 தான். ஏறக்குறைய பாதி. சரியாக நடுவில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும். அதனால் பாதித் தொட்டியில் சரிபார்த்துவிட்டு "ஓகே" என்று கையெழுத்துப் போடுபவர் ஏமாந்துபோவார். இதற்குப் பல புள்ளிகளைக் கொடுக்க வேண்டும். பேக்ஸ் மீட்டரில் 16 புள்ளிகள் வரை கொடுக்கலாம். வளைவு அதிகமாக இருக்கும் அடியிலும் உச்சியிலும் நெருக்கமாக, நடுவில் தள்ளித் தள்ளி. சமதூரத்தில் வைப்பது சோம்பேறித்தனம்.

ஃபில்டர் மெனுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண் துடித்தால் கூட்டலாம், மட்டம் வேகமாக மாறும் இடத்தில் கூட்டினால் சேதி தாமதமாக வரும். அதன் அருகே சில மீட்டர்களில் இருக்கும் 50, 60 என்ற தேர்வுதான் சுவாரசியம். பழைய மீட்டர்கள் அளந்த விதம் இது: குறிப்பிட்ட நேரம் வரை மின்னழுத்தத்தை ஒரு மின்தேக்கியில், வாளியில் தண்ணீர் பிடிப்பதுபோல், சேர்க்க வேண்டியது, பிறகு தெரிந்த வேகத்தில் அதைக் காலிசெய்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ண வேண்டியது. சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலும் வாளியில் விழும். ஆனால் பிடிக்கும் நேரம் முழு அலைகளாக இருந்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், இங்கிலாந்தில் ஓர் அலைக்கு 20 மில்லிசெகண்ட். அமெரிக்காவிலும் கனடாவிலும் 16.67. நூறு மில்லிசெகண்டில் அங்கே ஐந்து அலை, இங்கே ஆறு. இரண்டுக்கும் பொது. அவ்வளவு நேரம் காத்திருக்க மனமில்லாத வேகமான மீட்டர்கள்தான் எந்த ஊர் என்று கேட்கின்றன.

இதுவரை தப்பு நேர்ந்தால் எண் தப்பாகத் தெரியும், அவ்வளவுதான். செட்பாயிண்ட் மெனுவுக்குள் போனால் மீட்டருக்குக் கை முளைக்கிறது. உள்ளே இருக்கும் ரிலே பம்பை ஓட்டும், வால்வை மூடும், மணி அடிக்கும்.

நம் தண்ணீர்த் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டருக்குக் கீழே போனால் பம்பு ஓட வேண்டும், நான்கு மீட்டர் வந்தால் நிற்க வேண்டும். ஒரே எண்ணில் ஓடவும் நிற்கவும் வைத்தால், தண்ணீர் அலையடிக்கும்போதெல்லாம் பம்பு நொடிக்கொரு தரம் ஓடி நின்று கான்டாக்டர் கருகிவிடும். அதற்காக ஓர் இடைவெளி கொடுப்பார்கள். ஹிஸ்டெரிசிஸ் என்பது துறைச் சொல். செட்பாயிண்ட் 1.00, இடைவெளி 3.00. ஒன்றில் ஓடும், நான்கில் நிற்கும். சரிதானே?

சில மீட்டர்களில் சரி. வேறு சிலவற்றில், அல்லது அதே மீட்டரின் வேறொரு தேர்வில், இடைவெளியைச் செட்பாயிண்டின் இருபக்கமும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். பேக்ஸில் இரண்டு விதமும் உண்டு, ஓரெழுத்துதான் வித்தியாசம். அப்படிப் பிரித்தால் ஓட வேண்டிய இடம் ஒன்றிலிருந்து ஒன்றரையைக் கழித்து -0.50, நிற்க வேண்டிய இடம் 2.50. தொட்டி பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது என்பதால் பம்பு ஒருநாளும் ஓடாது. மெனுவில் 1.00, 3.00 என்று இரண்டு எண்களும் அழகாக, சரியாக, எழுதிவைத்தபடியே இருக்கும்.

ஒருநாளும் ஓடாது என்பதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வயர் அறுந்தால் ஓடும். 4க்கு 0.00, 20க்கு 6.00 என்ற நேர்கோட்டை இன்னும் கீழே நீட்டினால் 0 மில்லிஆம்பியருக்கு -1.50 வரும். சிக்னல் போய்விட்டது என்று மீட்டர் புரிந்துகொள்ளாது. ஒன்றரை மீட்டர் பள்ளம் என்று புரிந்துகொள்ளும். உடனே பம்பைப் போடும். எலி கடித்த வயருக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, தொட்டி வழிந்து, யாராவது மெயின் சுவிட்சை அணைக்கிற வரை. முன்பு சொன்ன அந்த 4க்கான காரணம் இப்போது கைகொடுக்க வேண்டும். செயல்முறைக் கருவிகளுக்கான ஜெர்மானிய நமூர் பரிந்துரையின்படி 3.8 முதல் 20.5 வரை நல்ல சிக்னல், 3.6க்குக் கீழே அல்லது 21க்கு மேலே போனால் கருவி பழுது. 3.6 என்பது நம் நேர்கோட்டில் -0.15. அந்த எண்ணுக்குக் கீழே போனால் இன்னொரு ரிலே பம்பை நிறுத்தி மணி அடிக்கட்டும் என்று இரண்டாவது செட்பாயிண்டை வைத்துவிடலாம். இதற்கு இரண்டு நிமிடம் போதும். நான் பார்த்த வரையில் கையேடுகளில் இது ஓரத்தில் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது என்பது என் கட்சி.

மணி அடிக்கும் ரிலேயில் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். ஆபத்து வரும்போது ரிலே இழுக்கட்டும் என்று வைத்தால், மீட்டருக்கே மின்சாரம் போய்விட்ட அன்று மணி அடிக்காது. எல்லாம் நலமாக இருக்கும்போது ரிலே இழுத்த நிலையில் இருக்கட்டும், ஆபத்து வந்தாலோ மின்சாரம் போனாலோ விட்டுவிடட்டும் என்று தலைகீழாக வைத்தால் அடிக்கும். மெனுவில் நார்மல், ரிவர்ஸ் என்று இரண்டே சொற்கள். பம்பை ஓட்டும் ரிலேக்கு இதே தலைகீழ் ஏற்பாடு ஆபத்து. ஆகவே எல்லா ரிலேக்கும் ஒரே விதமாக வைத்துக்கொண்டு போக முடியாது. ஒவ்வொன்றுக்கும், செத்துப்போனால் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வழியும் மட்டத்தில் மீட்டருக்குச் சம்பந்தமில்லாத தனி மிதவை சுவிட்ச் ஒன்று இருந்தால் நிம்மதி. டெக்சஸ் சிட்டியிலும் தனி உயர்மட்ட சுவிட்ச் ஒன்று இருந்தது. அன்று அதுவும் ஒலிக்கவில்லை. கையால் தூக்கிப் பார்த்துச் சோதிக்காத மிதவை சுவிட்சை இருப்பதாகக் கணக்கில் வைக்கக் கூடாது.

மெனுவின் கடைக்கோடியில் தொழிற்சாலைக்கென்று ஒரு பகுதி இருக்கும். தனியாக ஓர் எண்ணைத் தட்டினால்தான் திறக்கும். அங்கேதான் காலிப்ரேஷன். எண் தப்பாகத் தெரிகிறது என்றவுடன் நேரே இங்கே வந்து கைவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேலிங் என்பது 12 மில்லிஆம்பியரை எத்தனை மீட்டர் என்று காட்டுவது. காலிப்ரேஷன் என்பது 12 மில்லிஆம்பியர் என்றால் எவ்வளவு என்றே மீட்டருக்குக் கற்பிப்பது. மீட்டரை விடத் துல்லியமான மின்னோட்டக் கருவி கையில் இல்லாதவர் அங்கே போனால், நன்றாக இருந்த ஒன்றையும் கெடுத்துவிட்டு வருவார்.

பிறகு பூட்டு. பொத்தான்களை யாரும் தொடாதபடி ஒரு ரகசிய எண் வைக்கலாம். சில மீட்டர்களுக்கு எந்தப் பூட்டையும் திறக்கும் பொது எண் ஒன்றைக் கையேட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆகவே இது திருடனுக்கான பூட்டு அல்ல, கை துறுதுறுத்தவர்களுக்கானது.

அமைத்து முடித்தபின் சரிபார்க்க, டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் கையடக்கமான மின்னோட்டக் கருவியை மாட்டி 4, 8, 12, 16, 20 என்று அனுப்பிப் பார்ப்பார்கள். நம் தொட்டிக்கு 0.00, 1.50, 3.00, 4.50, 6.00 வர வேண்டும். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. எந்த எண்ணில் ரிலே இழுக்கிறது, எதில் விடுகிறது என்று பம்பின் ஓசையைக் கேட்டே குறித்துக்கொள்ளலாம். கடைசியில் வயரை உருவிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பலர் செய்யாமல் விடுவது இந்தக் கடைசிச் சோதனையைத்தான்.

இத்தனையும் நடந்ததற்கு மீட்டருக்கு வெளியே ஒரே சாட்சி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிய ஒரு தாள். மெனு வாரியாக எல்லா எண்களும், டிரான்ஸ்மிட்டரின் முழு அளவும், எந்தத் திரவம், என்ன அடர்த்தி என்பதும், தேதியும் அதில் இருக்க வேண்டும். எட்டு, பத்து வருடம் கழித்து மீட்டரின் இலக்கங்கள் மங்கத் தொடங்கும்போது, நன்றாக வேலை தெரிந்த டெக்னீஷியன் அதைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஒருமுறை எல்லா மெனுவையும் புரட்டி, அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். முற்றாக அணைந்துபோனபின் உள்ளே என்ன இருந்தது என்று படிக்க வழியில்லை. தாளில் இருப்பதும் மெனுவில் இருப்பதும் வேறு வேறாக இருந்தால், புது மீட்டரை அட்டைப்பெட்டியிலேயே வைத்துவிட்டு நாடாவை எடுத்துக்கொண்டு தொட்டியின் மேலே ஏறுவார்.